நீண்டுபோன நாரைக் கால்

மிளகுக்காகக் கடல் தாண்டி நம் நாகப்பட்டினக் கரை வரைக்கும் வந்தார்களே ஒல்லாந்தர்கள், அவர்கள் ஊரில் அந்தக் காலத்தில் நடந்ததாகச் சொல்லும் கதை இது. பெரியவர்களும் கேட்கலாம். சின்னவர்கள் அவசியம் கேளுங்கள்.

அந்த ஊரில் லீவன் என்றொரு ஓவியன் இருந்தான். சுவரில் எழுதமாட்டான், பலகையில் எழுதமாட்டான், அண்ணாந்து பார்க்கிற உட்கூரை விதானத்தில்தான் எழுதுவான். சாரம் கட்டி, அதன்மேல் மல்லாந்து படுத்து, மூக்கிலும் கண்ணிலும் வண்ணம் சொட்டச் சொட்ட, வீட்டுக்குள்ளேயே ஒரு வானத்தை வரைந்துவிடுவான். ஒல்லாந்து மழையும் மூட்டமுமாகக் கிடக்கிற தேசம். வெளியே கிடைக்காத நீல வானத்தை வீட்டுக்குள் பார்க்கப் பணக்காரர்கள் போட்டி போட்டார்கள்.

லீவனுக்குத் தலைகால் புரியவில்லை. "என் கை பட்ட இடத்தில் எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே திரிந்தான். சொன்ன வாய் சும்மா இருந்தாலும் சோதனை சும்மா இருக்குமா?

அவன் எழுதியதிலேயே அழகான வானம், யூஸ்ட் என்ற மிளகு வணிகனின் மாளிகைக் கூடத்தில் இருந்தது. மாளிகை கால்வாய்க் கரையில். சேற்றில் மரக் கம்பங்களை அடித்து இறக்கி அவற்றின்மேல் வீடு கட்டுவது அந்த ஊர் வழக்கம். ஈரம் எப்போது எந்தப் பக்கம் ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

முதலில் விதானத்தில் ஓர் ஈரக் கறை தோன்றியது. லீவனைக் கூப்பிட்டு அனுப்பினான் யூஸ்ட்.

"ஐயா, மேலே உத்தரம் நனைகிறது. பிரித்துப் பார்க்கணும்" என்றான் லீவன்.

"பிரித்தால் என் வானம் போச்சு. ஊர் சிரிக்கும். உன் கைத்திறனைக் காட்டி மறைத்துவிடேன்!"

கைத்திறன் என்றதும் லீவன் குளிர்ந்துபோனான். கறையை வெண்மேகம் ஆக்கினான். பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

அடுத்து, சுண்ணாம்புப் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. "மறைத்துவிடு" என்றான் யூஸ்ட். உப்பலைச் சிறகு முளைத்த தேவகுழந்தை ஒன்றின் கொழுத்த தொப்பை ஆக்கினான் லீவன். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதற்கும் அடுத்து, ஒரு விரிசல் விட்டது. "மறைத்துவிடு" என்றான் யூஸ்ட். பறக்கும் நாரை ஒன்றை எழுதி, பின்னால் நீட்டிய அதன் கால்களில் ஒன்றாக விரிசலை ஆக்கினான் லீவன். கால் முடிகிற இடத்தில் சிவப்பாக விரல்களும் வைத்தான். கூரையில் நாரை கூடு கட்டினால் நல்ல சகுனம் என்பார்கள் அந்த ஊரில். "கூடத்துக்குள்ளேயே நாரை வந்துவிட்டதே!" என்று எல்லோரும் வியந்தார்கள். அடப்பாவிகளா, வந்தது நாரையா?

யூஸ்டுக்கு வெகுநாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டும் விருந்துக்கு ஊரே திரண்டது. சகுனம் நல்லது என்று தொட்டிலை நாரைக்கு நேர் கீழே வைத்தார்கள்.

லீவனும் விருந்துக்கு வந்தான். எந்த ஓவியன்தான் தன் படைப்பைப் பார்க்காமல் சாப்பிட உட்காருவான்? அண்ணாந்து பார்த்தான். அப்படியே உறைந்துபோனான்.

நாரையின் கால் விரல்களோடு நிற்கவில்லை. விரல்களைத் தாண்டி, மேகத்தைத் தாண்டி, சுவர் வரைக்கும் கறுப்பாக ஓடியிருந்தது. மற்றவர்களுக்கு அது நீளமான கால். கால் எங்கே முடிந்தது என்று வரைந்தவனுக்கு மட்டுமே தெரியும்.

"எல்லோரும் வெளியே போங்கள்! நாரையின் கால் நீண்டுவிட்டது!" என்று கத்தினான். கூடமே கொல்லென்று சிரித்தது.

"விதானம் விழப்போகிறது!" என்றான். "அந்த வழவழப்பான விதானமா? குடித்துவிட்டு உளறாதே" என்றார்கள்.

"ஐயா, நீங்களாவது சொல்லுங்கள்!" என்று யூஸ்டின் காலில் விழுந்தான். ஊரார் முன்னால் மானம் போகுமே என்று யூஸ்ட் வாயைத் திறக்கவில்லை. பெற்ற பிள்ளை விரிசலுக்கு அடியில் கிடக்கிறது, இவனுக்கு மானம்!

லீவன் எழுந்தான். ஒரே பாய்ச்சலில் தொட்டிலுக்குப் போனான், குழந்தையை வாரி எடுத்தான், வாசலைப் பார்த்து ஓடினான்.

"ஐயோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்!"

தாய் அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள், யூஸ்டும் ஓடினான். விருந்தினர் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுத் துரத்தினார்கள். சமையல்காரர்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள். கால்வாய்ப் பாலத்தில் அவனை மடக்கி, குழந்தையைப் பிடுங்கி, அடி அடி என்று அடித்தார்கள். அவன் கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. "வீட்டில் யாராவது இருக்கிறார்களா? யாராவது இருக்கிறார்களா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது மாளிகைக்குள் இடி இடித்தது. ஜன்னல் வழியாக வெள்ளைப் புழுதி பொங்கியது. மேகமும் தேவகுழந்தையும் நாரையும், அவற்றுக்கு மேலே உளுத்துக் கிடந்த உத்தரமும் கூடத்தில் குவிந்துவிட்டன. தொட்டில் இருந்த இடமே தெரியவில்லை.

ஓங்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு ஒரு கிழவர் லீவனின் காலைத் தொடக் குனிந்தார்.

தாய் மட்டும் குழந்தையை அணைத்தபடி கேட்டாள்: "உமக்கு எப்படி ஐயா தெரிந்தது?"

"முன்னமே தெரியும் அம்மா" என்றான் லீவன், வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு. "மூன்று தடவை தெரியும். மூன்று தடவையும் நான்தான் மறைத்தேன்."

குனிந்த கிழவர் நிமிர்ந்துகொண்டார். தாய் தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். நாளெல்லாம் வானத்தையே அண்ணாந்து பார்த்திருந்த யூஸ்ட், தரையைப் பார்த்தான்.

குறையைவிடக் கொடியது, அந்தக் குறையை அழகாக மூடி வைக்கும் திறமை.