மெஷினுக்கு வைத்த பொட்டு

பச்சைப் பிள்ளைக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்போம். ஒரு மெஷினுக்கு எங்கே வைப்பீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?

அருப்புக்கோட்டைப் பக்கம் கடலை மில் நடத்தும் சீனித்தாய்க்கு அதில் குழப்பமே வரவில்லை. பாதி விலையை அரசாங்கம் போட்டு வாங்கிக் கொடுத்த மெஷின் அது. உடைத்த நிலக்கடலை மேலிருந்து கொட்டும்போதே கேமராவால் பார்த்து, சொத்தையை மட்டும் காற்றடித்துத் தள்ளிவிடும். கற்றுக்கொடுக்க நஸ்ரின் என்ற சின்னப் பெண்ணையும் அரசாங்கமே அனுப்பியிருந்தது. சீனித்தாயின் வயதில் பாதிதான். ஆனாலும் சீனித்தாய் அவளை வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று காலை நஸ்ரின் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் சீனித்தாய் ஓடி வந்தாள்.

"டீச்சர், அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. நல்ல கடலையெல்லாம் சொத்தைங்குது. கையால பொறுக்கின போன லோடையே, சொத்தை கிடக்குன்னு மிட்டாய்க் கம்பெனிக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. சாயங்காலம் லாரி வருது. இதுவும் திரும்பி வந்துச்சுன்னா மில்லைப் பூட்ட வேண்டியதுதான்."

தள்ளிய குவியலில் நஸ்ரின் ஒரு கை அள்ளினாள். அத்தனையும் பழுதில்லாத கடலை. மெஷினைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினாள்.

"அக்கா, இது என்ன?"

"திருஷ்டிப் பொட்டு. நேத்துதான் வெச்சேன்."

"கேமராக் கண்ணாடி மேலயா?"

"அதுக்கு முகம்னு இருக்கிறது அது ஒண்ணுதானே? முதுகுலயா வைப்பாங்க?"

"யாரு திருஷ்டி?"

சீனித்தாய் குரலைத் தாழ்த்தினாள். "எதிர் மில்லு இருளப்பன் அண்ணாச்சி. மெஷின் வந்ததுலேர்ந்து இங்கயேதான் பார்த்துக்கிட்டு நிக்காரு."

நஸ்ரின் மெல்லிய துணியால் மையைத் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். சுவிட்சைப் போட்டாள்.

கடலை அருவியாக இறங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். அத்தனை கூட்டத்திலிருந்தும் ஒன்றே ஒன்று தனியாக எகிறி விழுந்தது. கூட இறங்கியவை அசங்கவில்லை. சீனித்தாய் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஊசி முனை அளவுக்குப் பூசணம். வாழ்நாளெல்லாம் கடலை பொறுக்கியவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வேலை செய்யும் பெண்கள் முறத்தை வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டாள். இன்னொருத்தி மட்டும், "எம் மக தலையில பேன் பார்க்க இதை ஒரு நாளைக்குக் குடுப்பீங்களாக்கா?" என்றாள்.

சாயங்காலம் கம்பெனி ஆள் ஒவ்வொரு மூட்டையிலும் கையை விட்டு அலசினார். பிறகு, "ஏத்துங்கப்பா" என்றார்.

லாரி போன பிறகும் சீனித்தாய் மெஷின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"டீச்சர், பாதிக் காசு நான் போட்டேன். மீதிப் பாதி யாருது?"

"ஊர்க் காசுக்கா. சோப்பு வாங்குறவங்க, செருப்பு வாங்குறவங்க, எல்லாரும் கட்டுற வரிதான்."

"இருளப்பன் அண்ணாச்சி காசுமா?"

"ஏன், அவரு சோப்புப் போடாமலா குளிக்கிறாரு?"

சீனித்தாய் சிரிக்கவில்லை. எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத சனம் மொத்தமும் தன் மில்லுக்குள் வந்து நிற்பது போலிருந்தது அவளுக்கு.

"இத்தனை பேருக்கும் நான் எப்படி டீச்சர் பதிலுக்குச் செய்வேன்?"

நஸ்ரின் வெளியே பார்த்தாள். எதிர் மில் கொட்டகையில் இருளப்பனும் நாலைந்து பெண்களும் மங்குகிற வெளிச்சத்தில் முறத்தைக் கண்ணருகே தூக்கிப் பிடித்துச் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மெஷினை நிறுத்த வேண்டாம்க்கா. எதிர்ல போயி, அண்ணாச்சிகிட்ட பொறுக்காத கடலை ஒரு மூட்டை கேட்டு வாங்கிட்டு வாங்க."