பக்கத்துக் கடை

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற சிதம்பரதாணு, கைக்கு வந்த பணத்தை வங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தார். கூட வேலை பார்த்த அருமைநாயகம் தன் ஓய்வுப் பணத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையை வாங்கினார். செல்போன் கடைக்காரர் ஒருவருக்கு வாடகைக்கும் விட்டார். வந்தது வினை.

வாடகை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். டீக்கடையில் அருமைநாயகத்தை எல்லோரும் "முதலாளி" என்று கூப்பிட ஆரம்பித்ததைத்தான் சிதம்பரதாணுவால் தாங்க முடியவில்லை. டீ குடிக்கப் போவதையே நிறுத்திவிட்டார்.

ஆற்றங்கரை மடத்து சிவகாமி அம்மை அவரைவிட வயதில் மிக இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு அம்மைதான். போய் உட்கார்ந்தார்.

"அம்மா, நானும் ஒரு கடை வாங்கலாம்னு பாக்கேன். மாசாமாசம் வாடகை வரும்லா?"

"எந்தக் கடை?"

"அருமைநாயகம் கடைக்குப் பக்கத்துக் கடை."

"கையில இருக்கிற பணம் போதுமா?"

"போதாது. வீட்டை அடமானம் வைக்கணும்."

"வேற எங்கயும் இல்லையா?"

"மார்க்கெட் ரோட்டுல ஒண்ணு இருக்கு. விலை குறைவு, வாடகை கூடுதலாவே வரும். ஆனா சந்துக்குள்ள கெடக்கு. யாரு பாக்கப்போறா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மை, "முன்பணம் கொடுக்கதுக்கு முன்னால ஒரு தடவை வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் சிதம்பரதாணு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"விஷயம் தெரியுமா அம்மா? அந்த செல்போன் கடைக்காரன் காலி பண்ணிட்டுப் போயிட்டான். அருமைநாயகம் கடை பூட்டிக் கெடக்கு. காலையிலயும் போய்ப் பார்த்தேன், சாயங்காலமும் போய்ப் பார்த்தேன். ஒருத்தரும் வந்து விசாரிக்கல. மனுஷன் முகம் செத்துப்போச்சு."

"நீங்க வாங்குறதா இருந்த கடை?"

"இனி அது எதுக்கு அம்மா? மனசு நிறைஞ்சுட்டு."

அம்மை ஒரு பழத்தைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்கே அருமைநாயகம் கடைக்கு வேற ஆள் வந்துட்டா?"

பழத்தை உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்தக் கடை காலியா இல்ல, ஐயா" என்றார் அம்மை. "உங்க மனசு அங்கதான் குடியிருக்கு. அவரு எப்ப வேணும்னாலும் அதை வெளியேத்திரலாம்."