வருவோமா, வரலாமா

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் பேச்சு வரும். வந்து என்ன பயன்? தவிட்டுக்குருவிகள் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும்.

ஆற்றோரத்து மருதந்தோப்பில் ஒரு கல்லூரி இருந்தது. கூடு பின்னத் தூக்கணாங்குருவியும் குறி பார்க்க மீன்கொத்தியும் கற்றுக்கொடுத்தன. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விடுதி உண்டு. அதன் காப்பாளர் ஓர் உடும்பு. அங்கே எட்டுத் தவிட்டுக்குருவிகள் தங்கிப் படித்தார்கள். அப்போதெல்லாம் அவர்களும் மற்றவர்களைப் போல ஆளுக்கொரு பக்கமாகத்தான் இரை தேடப் போவார்கள்.

ஒரு நாள் தவசி என்பவன் வேலியோரம் தனியாகச் சருகு புரட்டிக்கொண்டிருந்தபோது வல்லூறு பிடித்துக்கொண்டது. அவன் கூப்பிட்டது மற்ற ஏழு பேர் காதிலும் விழுந்தது. பக்கத்தில் இருப்பவன் போவான் என்று ஒவ்வொருவனும் இருந்துவிட்டான். கடைசியில் ஒருவனும் போகவில்லை. அன்று ஏழு பேருக்கும் இரை இறங்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூசினார்கள்.

நல்லாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான். இனி ஒருவனும் தவசியைப் போலப் போகக் கூடாது, அதற்கு ஒரு சங்கம் வேண்டும் என்றான். எல்லோரும் உடனே சரி என்றார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து உடனே சரி என்றது அது ஒன்றுக்குத்தான்.

உடும்பிடம் அனுமதி கேட்கப் போனார்கள். சங்கம் என்றால் நோக்கம் இருக்க வேண்டும், அதை ஒரே வாக்கியத்தில் ஏழு பேரும் ஒத்துச் சொல்ல வேண்டும், அதுவரை அனுமதி கிடையாது என்றது உடும்பு. அதன் பிடி உலகம் அறிந்தது.

நல்லாண்டி ஒரு வாக்கியம் சொன்னான்: “நம்மில் ஒருவன் கூப்பிட்டால் மற்றவர்கள் வருவோம்.”

நல்ல வாக்கியம்தானே? அதோடு விட்டிருக்கலாம். விடுவார்களா? கச்சிராயன் என்று ஒருவன் இருந்தான், முட்டையிலிருந்து வரும்போதே ஓட்டோடு வாதாடிவிட்டு வந்தவன்.

“வருவோம்னு சொல்லிட்டு ஒரு நாள் வர முடியாமப் போனா அது பொய்யாயிடும்டா. ‘வரலாம்’னு போடு” என்றான்.

வரலாம் என்றால் வராமலும் இருக்கலாமே என்று நல்லாண்டி கொதித்தான். கூப்பிடவே முடியாதபடி கழுத்தைப் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று சோணைமுத்து புதிதாக ஒன்றைக் கிளப்பினான். கூட்டத்தில் தின்னக் கறையான் உண்டா என்று ஒருவன் கேட்டான். சங்கத்துக்கு யார் தலைவர் என்று இன்னொருவன் கேட்டான். கேட்டதுதான் தாமதம், ஏழு பேரும் நானே என்றார்கள். காலையில் தொடங்கினால் இருட்டும்வரை ஒரே கீச்சுமூச்சு. முறைத்து முறைத்து அவர்கள் கண்ணெல்லாம் வெளுத்துப்போயிற்று. மீன்கொத்தி பாடம் நடத்த முடியாமல் எழுந்து போய்விட்டது. உடும்பு பொந்துக்குள் தலையை இழுத்துக்கொண்டது. எதற்காகக் கூடினார்கள் என்பதையே, பாவிகள், மறந்துவிட்டார்கள்.

ஒரு நாள் கச்சிராயனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. உங்கள் சங்கமும் வேண்டாம், சகவாசமும் வேண்டாம் என்று கத்திவிட்டுத் தனியாகப் பறந்துபோனான். போய் இறங்கிய இடம் அதே வேலியோரம். அங்கே அதே வல்லூறு.

அவன் கூப்பிட்டான். ஆறு பேர் காதிலும் விழுந்தது. சோணைமுத்து அப்போது ஏதோ ஆட்சேபம் சொல்லிக்கொண்டிருந்தான். பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டே எழுந்து பறந்தான். அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே, மற்ற ஐந்து பேரும் கத்திக்கொண்டே பின்னால் பறந்தார்கள். வழியெல்லாம் வருவோமா வரலாமா என்ற சண்டைதான். சண்டையோடு சண்டையாக வல்லூற்றின் தலைமேலும் முதுகின்மேலும் போய் விழுந்தார்கள். கொத்தைக்கூட அது பொறுத்துக்கொண்டிருக்கும்; அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை. பிடித்ததை விட்டுவிட்டுப் போயிற்று.

கச்சிராயன் வால் இறகில் பாதியைக் காணோம். மூச்சு வாங்கியபடி கிடந்தான். சுற்றி நின்ற ஆறு பேருக்கும் தவசியின் நினைவு வந்தது. அவனை நடுவில் வைத்து விடுதிக்குக் கூட்டிவந்தார்கள்.

உடும்பே பொந்தைவிட்டு வெளியே வந்தது. “இப்போதாவது முடிவாச்சா? வருவோமா, வரலாமா?” என்று கேட்டது.

“ரெண்டும் தப்புங்கய்யா” என்றான் கச்சிராயன். “தூரத்துல இருக்கிறவன்தான் வரணும். கூடவே இருக்கிறவன் எங்கேருந்து வருவான்? ‘இருப்போம்’னு போடுங்க.”

நல்லாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. உடும்பும் அப்பாடா என்று மூச்சு விட்டது. அதற்குள் சோணைமுத்து, “இருப்போமா, இருந்துக்கலாமா?” என்றான்.

உடும்பு திரும்பிப் பொந்துக்குள் போனதுதான், அந்தச் சங்கத்துக்கு இன்றுவரை அனுமதி கொடுக்கவில்லை.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் வெளுத்த கண்ணோடு முறைத்துக்கொண்டு, கூட்டமாகவே திரிந்து, விடிந்ததும் நம் ஜன்னலடியில் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கின்றன. அந்த ஒரு சொல் இன்னும் முடிவாகவில்லை. முடியும்வரை அவை ஒன்றையொன்று தனியே விடுவதாக இல்லை.