கதவோடு வந்த மாப்பிள்ளை

கோணம்பட்டியில் அறிவு குறைந்துவிட்டதே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. முன்னால் கொஞ்சம் இருந்திருந்தால்தானே குறைவது தெரியும்.

அந்த ஊர் அருணகிரிக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம், பெரியப்பா வடமலை வாங்கிய பழைய கார். காற்று காய்ந்து கிடக்கும் மாசி மாதத்தில் அதிலிருந்து இறங்கிக் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுரீரென்று ஷாக் அடிக்கும். அருணகிரி "ஆ!" என்று அலறிக் கையை உதறுவான். அப்படி உதறியதெல்லாம் பெண்வீட்டு வாசல்களில். முதல் வீட்டில் வலிப்பு என்றார்கள். இரண்டாவது வீட்டில் குடி என்றார்கள். மூன்றாவது வீட்டார் நாகரிகமானவர்கள். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பஸ்ஸில் போகலாமே என்று அருணகிரி ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"சொந்தக் கார் இருக்குன்னு ஜாதகத்துக்குக் கீழேயே எழுதிக் கொடுத்தாச்சு. பஸ்ல போய் இறங்கினா புளுகுக் குடும்பம்னு நினைக்க மாட்டாங்களா?" என்றார் பெரியப்பா.

நாலாவதாக வந்த ஜாதகம் சுடர்க்கொடியுடையது. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அருணகிரிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாசலில் மட்டும் கத்திவிடக்கூடாது. பெரியப்பா, அவர் மகன் பிச்சுமணி, தாய்மாமன் தங்கப்பழம் மூவரும் அவனை மெக்கானிக் அந்தோணியிடம் அழைத்துப் போனார்கள்.

"இது பெரிய விஷயமே இல்லீங்க," என்றான் அந்தோணி. "உடுப்பு சீட்ல உரசி உடம்புல கரண்டு சேருது. உரசாம உட்காருங்க. இறங்குறதுக்கு முன்னாடியே கதவோட இரும்பைப் பிடிச்சுக்குங்க. கால் மண்ணுல படுற வரைக்கும் கையை எடுக்காதீங்க. அவ்வளவுதான்."

பிச்சுமணி எழுதிக்கொண்டான். பெண் பார்க்கக் கிளம்பும்போது அதை வாசித்தான்.

"உட்கார்ந்தா உரசுமே," என்றார் மாமா.

"அப்ப உட்காரக்கூடாது," என்றான் பிச்சுமணி.

"உட்காருங்கன்னும் சொல்லியிருக்கானேப்பா."

பெரியப்பா கண்ணை மூடி யோசித்தார். "உட்கார்ந்த மாதிரி இருக்கணும். சீட்ல படக்கூடாது. அதான் விஷயம்."

முப்பத்திரண்டு கிலோமீட்டரும் சீட்டுக்கு நாலு விரல் மேலே அந்தரத்தில் இருந்தபடி போனார்கள். வண்டி ஓட்டுவதால் பிச்சுமணிக்கு மட்டும் விலக்கு உண்டு என்றார் பெரியப்பா. பிச்சுமணி மானஸ்தன், மறுத்துவிட்டான். வேகத்தடை வரும்போதெல்லாம் தலை நாலும் கூரையில் இடித்தன. பெண்வீடு வந்தபோது அருணகிரியின் தொடைகள் தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

கார் காம்பவுண்டுக்குள் போய் நின்றது. வாசலில் பெண்ணின் அப்பா சதாசிவம் கும்பிட்டபடி நின்றார். அருணகிரி கதவைத் திறந்தான். இரும்பை இறுகப் பிடித்தான். காலை வெளியே நீட்டினான். கீழே பார்த்தான்.

தரை முழுக்க டைல்ஸ்.

"மாமா, மண் இல்ல."

"கையை எடுத்துடாதே!" என்றார் மாமா.

மூவரும் மண் தேடினார்கள். அந்தக் காம்பவுண்டில் மண் இருந்தது ஒரே இடத்தில்தான், துளசி மாடத்தில்.

"ஒரே ஒரு மிதி மிதிச்சுட்டு வந்துடட்டுமே," என்றான் பிச்சுமணி.

"பொண்ணு கேக்க வந்த வீட்டுல துளசியை மிதிக்கிறதா? மரியாதை தெரிஞ்ச குடும்பம்டா நாம," என்று பெரியப்பா சீறினார். பிறகு மரியாதை கெடாத வழியைச் சொன்னார். "டிக்கியில ஸ்பேனர் இருக்கு. எடு."

கால் மணி நேரத்தில் கதவு கழன்றது. சதாசிவம் கும்பிட்ட கையை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அருணகிரி ஒரு சத்தமும் போடவில்லை. கதவை மார்போடு அணைத்தபடி, வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் நுழைந்தான். கூடத்தில் நைலான் கம்பளம். அங்கும் மண் இல்லை.

"மாப்பிள்ளை உட்காரலாமே," என்றார் சதாசிவம்.

"உட்கார்ந்தா உரசுமுங்க," என்றார் மாமா.

சதாசிவம் தலையாட்டினார். உரசக்கூடாது என்கிற பையன்! கேட்பதற்கே எவ்வளவு ஒழுக்கமாக இருக்கிறது.

சுடர்க்கொடி டம்ளரும் கையுமாகக் கம்பளத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து வந்தாள். போட்டோவை விட நன்றாக இருந்தாள். அருணகிரிக்குக் கை ஒழியவில்லை என்பதைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்து, கதவிலிருந்த பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள். ஜன்னல் வழியாக டம்ளரை நீட்டினாள். டம்ளர் இரும்பில் பட்டது.

"ஆ!" என்று அலறிக் கையை உதறினாள்.

காபி பெரியப்பாவின் வேட்டியில் கொட்டியது. பெரியப்பா மாமாவின் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது: "வலிப்பு போலிருக்கே. நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது. கிளம்பு."

சதாசிவத்தின் முகம் வெளுத்தது. சுடர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அருணகிரி பெரியப்பாவை எதிர்த்துப் பேசினான்.

"வலிப்பெல்லாம் இல்ல பெரியப்பா. அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல, அவ்வளவுதான்." பிறகு ஜன்னல் வழியாக, மெல்ல: "இரும்பைப் பிடிச்சுக்குங்க."

அவள் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப விடணும்?" என்று கேட்டாள்.

"கால் மண்ணுல பட்டதும்."

இரண்டு குடும்பமும் குனிந்து கம்பளத்தைப் பார்த்தது. வெளியே டைல்ஸ். அதற்கப்பால் தார் ரோடு. பெரியப்பாவின் மனம் இளகிவிட்டது. "இவ்வளவு சொன்னபடி கேக்குற பொண்ணு எங்கே கிடைக்கும்?" என்றார். தட்டு மாற்றிக்கொண்டார்கள். தட்டைக் கதவின் மேல் வைத்தே மாற்றியதில் வெற்றிலை மட்டும் ஜன்னலுக்குள் விழுந்துவிட்டது.

வழியனுப்பும்போது சதாசிவம் மாமாவைத் தனியாக அழைத்தார்.

"மண்டபம் பேசும்போது ஒண்ணு மட்டும் மறக்காம விசாரிச்சுடுங்க."

"சாப்பாடுங்களா?"

"அது கிடக்கட்டும். வாசல் எவ்வளவு அகலம்னு கேளுங்க. மாப்பிள்ளை, பொண்ணு, கதவு, மூணும் ஒண்ணா நுழையணுமே."