பின் சீட்டில் ஒரு மாப்பிள்ளை

சங்கரன்கோவில் அரிசி ஆலை முதலாளி குற்றாலிங்கத்தின் பழைய கார், பின் ஆக்சில் பக்கம் ‘டொக், டொக்’ என்று தட்ட ஆரம்பித்தது. டிரைவர் இசக்கிமுத்துவுக்கோ புளியங்குடியில், மாமியார் வீட்டில், மகள் பிறந்து நாற்பது நாள். இன்னும் முகம் பார்க்கவில்லை. ராத்திரியெல்லாம் அதே நினைப்பு.

“ஒரு நட்டைக்கூடக் கழட்டாம சத்தத்தைக் கண்டுபிடி. அப்புறம் லீவு கேளு. நானா இருந்தா ஒரு ரவுண்டுல சொல்லிருவேன்” என்றார் முதலாளி.

“முன்னால இருந்தா பின்னால தட்டுறது சரியாக் கேக்கல முதலாளி. நீங்க ஓட்டுங்க, நான் பின் சீட்ல காதை வச்சுக் கேக்குதேன்.”

முதலாளி ஓட்டினார். பள்ளத்தில் விழுந்தால் தட்டியது, நல்ல ரோட்டில் வாயை மூடிக்கொண்டது.

“ஆகா, என்னா கை முதலாளி! இன்னும் கொஞ்சம் போங்க.”

புகழ்ச்சியில் முதலாளிக்கு ஊர் தாண்டியதே உறைக்கவில்லை.

“இடது பக்கம் ஒடிச்சுத் திருப்புங்க. அந்தப் பச்சைக் கதவுகிட்ட நிறுத்துங்க.”

புளியங்குடி மாமியார் வீட்டுக் கதவு திறந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது: மாப்பிள்ளை பின் சீட்டில், கார் ஓட்டுவது முதலாளி!

“சத்தம் என்னலே?” என்று உறுமினார் முதலாளி.

“பின் ஸ்பிரிங் பட்டையில ரப்பர் புஷ் தேஞ்சுபோச்சு. ஆக்சில்ல கோளாறே இல்ல.”

“எப்பத் தெரியும் உனக்கு?”

மனைவி நீட்டிய பிள்ளையை இரு கையிலும் வாங்கிக்கொண்டான் இசக்கிமுத்து.

“ஆலை வாசல் பள்ளத்துலயே தெரியும் முதலாளி. இவ முகம்தான் தெரியாம இருந்துச்சு.”