ஆள்வேர் கேட்டது

முன்னொரு காலத்தில், மேற்கே மலையும் கிழக்கே வயலுமாகக் கிடந்த ஒரு நாட்டைச் சிங்கமாறர் என்ற அரசர் ஆண்டுவந்தார். ஒரு மழைக்காலத்தில் அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கியது; இறங்கும்போது உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் கூடவே கொண்டுபோய்விட்டது. முரட்டுக் குதிரையை அடக்கிய கை, சோற்றுக் கவளத்தை வாய்வரை கொண்டுபோக முடியாமல் நடுங்கியது. வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அப்போது மலைவாசிகளின் தலைவன் காளன் ஒரு வேரைக் கொண்டுவந்தான். தலையும் கையும் காலுமாக ஓர் ஆள் படுத்திருப்பது போலவே இருந்தது அது. அதனால் அதற்கு ஆள்வேர் என்று பெயர். பாலில் அவித்து, நிழலில் உலர்த்தி, பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அரசர் எழுந்து உட்கார்ந்தார். இரண்டாம் மாதம் சாளரம்வரை நடந்தார். சாளரத்துக்குக் கீழே அரண்மனைத் தோட்டம் தெரிந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"நம் உயிரைக் காக்கும் செடி எங்கோ மலையில் கிடப்பானேன்? இந்தத் தோட்டத்தில், நம் கண்ணெதிரே வளரட்டும்" என்றார்.

பிரதானி வல்லபராயர் அன்றைக்கே ஆட்களை அனுப்பினார். நூறு செடிகளைப் பிடுங்கிவந்து, நல்ல வெயில் விழும் பாத்தியில் நட்டு, எருப்போட்டு, வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். எட்டாம் நாள் இலை கருகியது. பத்தாம் நாள் வேர் அழுகி நாறியது. மறுபடியும் நூறு செடி வந்தது. அதுவும் போயிற்று.

"மலைவாசிகள் செய்வினை வைத்துவிட்டார்கள், பிரபு" என்றார் வல்லபராயர். காளனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

அந்த அரசவையில் உத்தண்டி என்று ஒரு விகடகவி இருந்தான். அரசரைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. காய்ச்சல் வந்த நாளிலிருந்து அந்த வேலை நடக்கவில்லை. அவனும் எத்தனையோ சொல்லிப் பார்த்தான். அரசர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா சம்பளம் வாங்குகிறான் என்று பிரதானி நாலு பேர் காதுபடச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

காளனின் மனைவி சடைச்சி கோட்டை வாசலில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாள். அழவும் இல்லை, யார் காலிலும் விழவும் இல்லை. மூன்றாம் நாள் உத்தண்டியால் அவளைத் தாண்டிப் போக முடியவில்லை.

"ஏம்மா, நெசமாவே செய்வினைதானா?" என்று கேட்டான்.

"வெயிலப் பாத்தாலே சுருண்டுக்கிற செடிய நட்டநடுப் பொட்டல்ல வச்சுத் தண்ணியக் கட்டுனா, சாகாம என்னய்யா பண்ணும்? இதச் சொல்லத்தான் எம்புருசன் வந்தாரு. வாயத் தொறக்குமுன்ன உள்ள தள்ளிட்டாங்க."

உத்தண்டி நேரே சபைக்குப் போனான். வழக்கமாக ஒரு கோணங்கிக் கும்பிடு போடுவான், அன்று போடவில்லை.

"அரசே, செடியைக் கொன்றது மந்திரம் அல்ல, நம் தோட்டத்து மண்ணும் வெயிலும்தான். காளன் மேல் குற்றமில்லை."

வல்லபராயர் புன்னகைத்தார். இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவர் காத்திருந்தார். "விகடகவிக்கு விவசாயமும் தெரியும் போலிருக்கிறது. அப்படியானால் அவரே வளர்த்துக் காட்டட்டும், பிரபு. ஒரு மண்டலம் தவணை. நாற்பத்தெட்டாம் நாள் அரண்மனைத் தோட்டத்தில் ஆள்வேர் பச்சையாக நிற்கவேண்டும். இல்லாவிட்டால் காளனுக்கு விதித்த மரண தண்டனையே இவருக்கும்."

அரசர் சலிப்போடு தலையசைத்தார். "சம்மதமா, உத்தண்டி?"

 செடியை உத்தண்டி கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பின்வாங்கினால் காளன் தலை நாளைக்கே போய்விடும். "சம்மதம். ஆனால் ஓர் ஆணை வேண்டும், அரசே. செடிக்கு எது தேவையோ அதைக் கொடுக்கவேண்டும். யாரும் மறுக்கக் கூடாது."

"யாராயிருந்தாலும் மறுக்கக் கூடாது என்றே எழுதுங்கள்" என்று சொல்லி அரசர் முத்திரை வைத்தார்.

மறுநாள் காலையில் சடைச்சி முன்னே நடக்க, உத்தண்டி மூச்சிரைக்க மலை ஏறினான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே வடக்குச் சரிவில் அவள் நின்றாள். பெருமரங்கள் வானத்தை மூடியிருந்தன. பகலிலேயே குளிர் எடுத்தது. காலை வைத்தால் இலைச்சருகு கணுக்கால்வரை அமுங்கியது. சரிவெங்கும் குழிகள். பிரதானியின் ஆட்கள் தோண்டிவிட்டு மூடாமல் போன குழிகள்.

சடைச்சி ஒரு மரத்தடியில் சருகை மெல்ல ஒதுக்கினாள். ஐந்து விரல் விரித்ததுபோல் இலைகளும் நடுவே ஒரு கொத்துச் சிவந்த பழமுமாக ஒரு சின்னச் செடி நின்றது.

"இவ்வளவுதானா?" என்றான் உத்தண்டி.

"இவ்வளவாக நாலு வருசமாச்சு, ஐயா. வெத போட்டா ஒண்ணரை வருசம் மண்ணுக்குள்ளயே தூங்கும். அப்பறம் மொளச்சு ஆறு வருசம் ஆனாத்தான் வேருக்கு மருந்துக் கொணம் வரும். மழ பேயணும், தண்ணி நிக்கக் கூடாது. வெளிச்சம் படணும், வெயில் படக் கூடாது. ஒருக்கா தோண்டுன எடத்துல எங்க காலத்துக்குள்ள மறுபடி வராது." அவள் செடியின் கழுத்தில் இருந்த தழும்புகளைத் தொட்டுக்காட்டினாள். வருஷத்துக்கு ஒரு தழும்பு. "பழம் பழுத்து, அந்த வெதய மண்ணுல அழுத்திட்டுத்தான் நாங்க வேரெடுப்போம். அவங்க பிஞ்சுன்னு பாத்தாங்களா, கொழந்தைன்னு பாத்தாங்களா?"

"எத்தனை மிச்சம் இருக்கு?"

"ஏழு. எல்லாம் இதே வயசுதான்."

 உத்தண்டி ஒரு குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.  இந்த ஏழு செடியையும் தோட்டத்தில் கொண்டுபோய் நட்டால் ஏழும் சாகும். விட்டால் காளன் சாவான், அவனோடு தானும் சாகவேண்டும்.

அதே கலக்கத்தோடுதான் இறங்கிவந்தான். கோட்டை வாசலில் வல்லபராயர் பல்லக்கை நிறுத்தி, அன்பொழுக விசாரித்தார். "மலையில் செடிகள் நிறைய இருக்கின்றனவா?"

"ஏழே ஏழு" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவர் கண்ணைப் பார்த்தான். அந்த ஏழும் இல்லாமற்போனால் நாற்பத்தெட்டாம் நாள் உத்தண்டிக்குத் தப்ப வழியே இருக்காது என்பது அந்தக் கண்ணில் எழுதியிருந்தது.

நாக்கைக் கடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனவன், எல்லைக்கல் ஒன்றில் முட்டிக்கொண்டான். தினமும் பார்க்கிற கல்தான். அன்றைக்குத்தான் அதை வாசித்தான். மேலே அரச முத்திரை, கீழே எழுத்து: "இக்கற்களுக்கு உட்பட்டது அரண்மனைத் தோட்டம். அரசர் அனுமதியின்றி இதில் செடி தொட்டவன் கை இழப்பான்." அவன் அதை மூன்று முறை வாசித்தான்.

அன்று மாலைக்குள் தோட்டத்துப் பன்னிரண்டு எல்லைக்கற்களும் பெயர்க்கப்பட்டு மாட்டுவண்டியில் ஏறின. தோட்டக்காரன் தடுக்க வந்தான். உத்தண்டி ஆணையோலையைக் காட்டினான். "செடிக்குக் கல் வேணுமாம். நான் என்னப்பா செய்ய?"

சங்கதி கேட்டு வல்லபராயர் வயிறு வலிக்கச் சிரித்தார். "பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது" என்றார்.

நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. "செடி எங்கே?" என்றார் அரசர்.

"அரண்மனைத் தோட்டத்தில் பச்சையாக நிற்கிறது, அரசே. நேரில் வந்து பார்க்கவேண்டும்."

அரசரின் பல்லக்கு கோட்டையைத் தாண்டி, வயலைத் தாண்டி, மலை ஏறியது. பிரதானி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். வடக்குச் சரிவில் முதல் எல்லைக்கல் தெரிந்தது. அதையடுத்து இன்னொன்று. பெருமரங்களைச் சுற்றி வளைத்துப் பன்னிரண்டு கற்களும் நின்றன. நடுவே ஏழு செடிகள். சடைச்சியும் மலைப்பெண்களும் ஒரு மரத்தைச் சுற்றி நின்றார்கள். மரத்தில் இரண்டு ஆட்கள் கட்டிவைக்கப்பட்டிருந்தார்கள், காலடியில் கடப்பாரைகள்.

"இது மோசடி!" என்று கத்தினார் வல்லபராயர். "இது மலை. தோட்டம் அல்ல!"

உத்தண்டி ஓலையை விரித்தான். "செடிக்கு எது தேவையோ அதைக் கொடுக்கவேண்டும் என்பது ஆணை. செடி மரத்தைக் கேட்டது, சரிவைக் கேட்டது, பனியைக் கேட்டது, நூறு வருஷத்துச் சருகைக் கேட்டது. சுருக்கமாகச் சொன்னால், மலையைக் கேட்டது. மலையைத் தோட்டத்துக்குள் கொண்டுவர வழியில்லை, அரசே. அதனால் தோட்டத்தை மலைக்குக் கொண்டுவந்தேன். முத்திரைக் கல்லுக்கு உட்பட்டது எதுவோ அதுவே அரண்மனைத் தோட்டம். கல்லே சொல்கிறது."

அரசர் கல்லை வாசித்தார். பிறகு கட்டுண்டவர்களைப் பார்த்தார். "இவர்கள் யார்?"

"நேத்து விடியக்காலம் செடியப் பிடுங்க வந்தாங்க, சாமி" என்றாள் சடைச்சி. "யாரு அனுப்புனதுன்னு நீங்களே கேளுங்க."

கட்டுண்டவர்கள் அரசர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. இருவர் பார்வையும் பிரதானியிடம் போயிற்று. வல்லபராயர் சருகில் விழுந்தார். அரசரின் முகம் இறுகியது. "நம் தோட்டத்தில், நம் மருந்தைப் பிடுங்க ஆள் அனுப்பினீரா? சட்டம் என்ன சொல்கிறது, உத்தண்டி?"

"கை போகும் என்கிறது. ஆனால் அந்தக் கை வேண்டும், அரசே. இருநூறு குழிகள் திறந்து கிடக்கின்றன. அனுப்பிய கையே மூடட்டும்."

அரசர் அந்தக் குழிகளைப் பார்த்தார். "அப்படியே ஆகட்டும். காளனை இன்றே விடுவியுங்கள்" என்றார். பின்பு செடியின் அருகே மெல்லக் குனிந்தார். "நீ வென்றாய். இனி வேரை எடுக்கச் சொல்."

உத்தண்டி அசையவில்லை. இதைச் சொல்லத்தான் அவன் அதிகம் பயந்திருந்தான். "அரசே, செடி இன்னும் ஒன்று கேட்கிறது. இரண்டு வருஷம். யாராயிருந்தாலும் மறுக்கக் கூடாது என்று தாங்களே முத்திரை வைத்திருக்கிறீர்கள்."



"இரண்டு வருஷம் நான் இருப்பேனா?" என்றார் அரசர். அவர் உத்தண்டியைக் கேட்கவில்லை; சடைச்சியைக் கேட்டார்.

"அது தெரியாது, சாமி. எங்க வீட்டுல காஞ்ச வேரு ரெண்டு இருக்கு. கொஞ்ச நாளைக்குத் தாங்கும். இத இப்பப் புடுங்குனா யாருக்கும் ஒதவாது. அது மட்டும் தெரியும்."

அரசர் ஆணையோலையை வாங்கித் தம் முத்திரையைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே உத்தண்டி நினைத்தான். இல்லை, சிரிப்பு. மெலிதாகத் தொடங்கி, இருமலோடு கலந்து, மரங்களுக்கிடையே எதிரொலிக்கும்வரை அவர் சிரித்தார். "நாடெல்லாம் என் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது. என் சொல்லுக்கு என்னையே கட்டிப்போட்டுவிட்டாயே, படுபாவி!"

தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து உத்தண்டிக்குப் போர்த்தினார். கூடவே அந்தச் சரிவுக்கு அவனையும் காளனையும் காவல் அதிகாரிகளாக்கினார். உத்தண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது; அன்று சபையில் போடாத கோணங்கிக் கும்பிடைப் போட்டான்.

சடைச்சி பழுத்த பழங்களைப் பறித்து, சதையை நீக்கி, விதைகளை அரசர் கையில் வைத்தாள். எப்படி என்று அவர் கேட்டார். ஒரு விரற்கடை ஆழம் என்று அவள் காட்டினாள். மலைக்குக் கூடவந்த சேவகர்களெல்லாம் பார்த்திருக்க, அரசர் மண்டியிட்டு, ஏழரை வருஷத்துக்குப் பிறகு வேராகப்போகும் விதையை நடுங்கும் விரலால் மண்ணுக்குள் அழுத்தினார். பிறகு அடுத்ததற்கு இடம் தேடினார்.