ஐந்தில் ஒரு பங்கு

பொன்னம்பல அடிகள் மடத்து வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சீடர் தணிகாசலம் வந்து எதிரில் உட்கார்ந்தார். நாற்பத்தைந்தைத் தாண்டிய மனிதர். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"சாமி, மடுவில் செத்துப்போச்சே ஒரு பொண்ணு... அதுக்கு நான்தான் காரணம்னு தோணுது."

"சொல்லு."

மில்லை மூடியதிலிருந்து தணிகாசலத்துக்குச் சோறு போட்டது செல்போன்தான். ஒரு சுற்றுலா நிறுவனம் கேள்வி அனுப்பும்; பதிலுக்குக் காசு. உங்கள் ஊரில் எதைப் பார்க்கலாம்? எங்கே குளிக்கலாம்? ஒரே கேள்வி ஐந்து பேருக்குப் போகும். அதிகம் பேர் சொன்னதுதான் சரியான பதில். ஒத்துப்போகாதவனுக்கு மார்க் குறையும்; இரண்டொரு முறை குறைந்தால் வேலையே வராது. நல்ல நியாயம்! தெரிந்தவன் தனியாளாக இருந்துவிட்டால் அவன் பாடு திண்டாட்டம்தான்.

"கரும்பாறை மடுவில் குழந்தைங்க குளிக்கலாமான்னு கேட்டாங்க. கூடாது, பாறைக்கடியில இழுக்கும்னுதான் போட்டேன். மத்த நாலு பேர் எந்த ஊரோ, படத்தைப் பார்த்துட்டுக் குளிக்கலாம்னு போட்டுட்டாங்க. எனக்கு மார்க் போச்சு."

"மறுபடி கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நானும் குளிக்கலாம்னு போட்டுட்டேன்."

அடிகளின் கை நின்றது.

"அஞ்சு பேரா சேர்ந்து சொன்னது சாமி. பாவத்தில் என் பங்கு அஞ்சில் ஒண்ணுதானே?"

கேட்கும்போதே தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அடிகள் உள்ளே போய் ஒரு தூக்குவாளியில் கஞ்சி எடுத்து வந்தார்.

"காரியமெல்லாம் முடிஞ்சும் அந்தப் பொண்ணோட அப்பா திரும்பி வந்து மடுக்கரையில உட்கார்ந்திருக்கார். இதைக் கொண்டுபோய்க் குடு."

தணிகாசலம் போனார். கரையில் இருந்தவர் வாளியை வாங்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"செல்போன்ல உள்ளூர்க்காரங்க சொன்னதுன்னு போட்டிருந்துச்சுங்க. அதை நம்பித்தான் புள்ளைய இறக்கி விட்டேன்."

பிறகு தலையைத் திருப்பினார்.

"நீங்க இந்த ஊருங்களா?"

தணிகாசலம் திரும்பி வந்தபோது வாளி அப்படியே இருந்தது.

"குடிக்கலையா?"

"இல்லை சாமி. நீங்க இந்த ஊரான்னு கேட்டார்."

"என்ன சொன்னே?"

"வெளியூர்னு சொல்லிட்டேன்."

அடிகள் வாளியை வாங்கிக் கீழே வைத்தார்.

"மத்த நாலு பேரும் பக்கத்துல இருந்தாங்களா?"

"இல்லை சாமி. நான் மட்டும்தான்."

"அப்போ இதை எத்தனை பங்காப் போடறது?"